வரைபடத்தில் என் வேப்பமரம் எங்கே?

கேள்வி: எங்கள் ஊரில் புதுப் பேருந்து நிலையத்தின் வரைபடத்தை ஒட்டிக் கருத்துக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை நீட்டினால் வரப்போகும் கட்டடம் அங்கேயே நிற்பதுபோல் தெரியும் என்கிறான் மகன். இதனால் எங்களுக்கு என்ன பயன்? - ஒரு வாசகி

பதில்: உங்களுக்குப் புரியாதது உங்கள் குறை இல்லை. முப்பது வருடம் வரைபடம் போட்டவள் சொல்கிறேன். ஒருமுறை சாலை விரிவாக்கக் கூட்டத்தில் ஒரு பூக்காரம்மா தாளில் விரலை வைத்து, "நான் உட்கார்ற வேப்பமரம் இதுல எங்கம்மா?" என்று கேட்டார். நிஜத்தை ஐந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கும் 1:500 அளவில் பத்து மீட்டர் விரிந்த மரம் இரண்டு சென்டிமீட்டர் வட்டம்தான். அந்த வட்டத்தைக்கூட நாங்கள் போட்டிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு முகம் வாடிப்போனது.

உங்கள் மகன் சொல்வது ஆக்மென்டெட் ரியாலிட்டி. போகிமான் கோ விளையாட்டில் தெருவில் பொம்மை நின்றதே, அதே வித்தைதான். ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு, 2012 முதல், திரையில் கட்டைகளை அடுக்கிக் கட்டடம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை வைத்து ஏழை நகரங்களில் மக்களையே பூங்கா, மைதானம் வடிவமைக்கச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டெய்ன் பகுதியில் ஒரு படி மேலே போய், அப்படிக் கட்டியதைப் போன் வழியாக அந்தத் தெருவிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். கண் உயரத்தில் பார்க்கும்போது யாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2016-ல் நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. அகதிகளுக்குத் தங்குமிடம் எங்கே அமைக்கலாம் என்று சுமார் 400 பேரை உட்கார வைத்துக் கேட்டார்கள். மேசையில் நகரத்தின் படம் ஒளியாக விழும்; லெகோ கட்டையை ஒரு மனையில் வைத்தால் அதன் விவரம் திரையில் வரும். மக்கள் காட்டிய இடங்களை நிர்வாகம் பரிசீலித்துப் பதில் சொன்னது. எல்லா இடமும் தேறவில்லை. ஆனாலும் பதில் வந்ததே, அதுதான் பெரிய விஷயம்.

இதில் சிக்கல்களும் உண்டு. ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினால் கட்டடம் பக்கத்து வீட்டின்மேல் ஏறி நிற்கும். உச்சி வெயிலில் திரை தெரியாது. நல்ல போன் இல்லாதவர் வெளியே நிற்பார். அதனால் நாலைந்து டேப்லெட்டைக் கூட்டம் நடத்துகிறவர்களே கொண்டுவர வேண்டும்.

சரி, உங்கள் ஊருக்கு வந்தால் என்ன கேட்கலாம்? டெண்டர் விடுவதற்கு முன்பே காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அதே இடத்தில் நின்று பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, கழிப்பறைக்கு எத்தனை படி ஏற வேண்டும், பூ விற்பவர் எங்கே உட்காருவார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.