பதில்: அம்மாவுடன் பிச்சாவரம் – துடுப்புப் படகா, மோட்டார் படகா?

துடுப்புப் படகையே எடுங்க சகோ. புதுச்சேரியிலிருந்து பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் (உப்புத்தண்ணியில வளர்ற காடு) பார்க்க வர்றீங்க, அம்மாவுக்குத் தண்ணின்னா பயம், அதனால சீக்கிரம் முடியுற மோட்டார் படகு நல்லதான்னு கேட்டிருந்தீங்க. பயத்துக்கு அது மருந்தில்லை. சத்தமும் ஆட்டமும்தான் கூடும். அதோட, மோட்டார் படகு அகலமான நீர்வழியிலேயே சுத்திட்டுத் திரும்பிடும். சுரபுன்னை மரக் கிளைகள் தலைக்கு மேல கூரையா மூடுற குறுகலான கால்வாய்களுக்குள்ள துடுப்புப் படகுதான் நுழையும். அங்க அலை கிடையாது. உயிர்காப்பு உடையை அம்மாவுக்கு நீங்களே இறுக்கிக் கட்டுங்க.

சுரபுன்னையோட விதை மரத்திலேயே முளைச்சு, முருங்கைக்காய் மாதிரி நீளமாத் தொங்கும். குழந்தைகள் கட்டாயம் பறிக்கக் கேட்பாங்க, விடாதீங்க. சேத்துல விழுந்து வேர்விட வேண்டிய கன்னு அது. அதே காட்டுல இருக்கிற தில்லை மரத்தைத் தொடவே வேண்டாம். அதோட பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. (சிதம்பரம் கோயிலின் தல மரம் அதுதான், அம்மாவுக்குச் சொல்லுங்க, பயம் கொஞ்சம் மறக்கும்.)

காலையிலேயே படகுத்துறைக்கு வந்துடுங்க, மதிய வெயில் பெரியவங்களுக்கு ஆகாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வலசைப் பறவைகள் இருக்கும், ஆனா மழை எச்சரிக்கையைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. நொறுக்குத்தீனிப் பாக்கெட் படகில் வேண்டவே வேண்டாம். 2004 சுனாமியில பின்னாடி இருந்த ஊர்களுக்கு அரணா நின்ன காடு, 2022-லிருந்து ராம்சார் தலம் (உலக அளவில் முக்கியமான ஈரநிலம்). இன்னமும் வேருக்கு வேர் பிளாஸ்டிக் சிக்கிக் கிடக்கிறதைப் பார்த்தா எரிச்சலா வருது.

படகோட்டி அண்ணன்கிட்ட மெதுவாப் போகச் சொல்லுங்க, போவார்.