இழைப்புளியின் வயது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கனெக்டிகட்டில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் தச்சுவேலை செய்தவர். இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து எதையாவது இழைத்துக்கொண்டிருப்பார். சென்ற மாதம் பக்கத்து ஊரில் காலமான ஒரு பெரியவரின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கருவிகள் நிறைந்த ஒரு பெட்டியை நாற்பது டாலருக்கு வாங்கினேன். படங்களை இணைத்திருக்கிறேன்.

அதில் ஒரு ஸ்டான்லி நம்பர் 4 இழைப்புளி இருக்கிறது. உள்ளே மூன்று தேதிகள் வார்த்திருக்கிறார்கள்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. அப்படியானால் இது 1910இல் செய்ததுதானே? அலகில் ஒரு இதயப் படமும் எஸ்.டபிள்யூ. என்ற எழுத்துகளும் உள்ளன. ஒரு ரம்பத்தின் பிடியில் கழுகு பொறித்த பித்தளை வட்டம், அதில் 'வாரன்டட் சுப்பீரியர்' என்ற வாசகம். விற்றவர் அது டிஸ்டன் ரம்பம் என்றார். கறுப்பு நிற ஸ்பேனர் ஒன்றில் 'பிளாம்ப்' என்று இருக்கிறது. சுத்தியல் செய்யும் பிளம் கம்பெனியின் பெயரில் 'யு' வரவேண்டிய இடத்தில் 'ஓ' போட்டிருக்கிறார்கள். போலியா?

எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்க, துருவைத் தேய்த்தெடுக்கும் கம்பிச் சக்கரம், அதாவது ஒரு வயர் வீல், வாங்கி வைத்திருக்கிறேன். இவற்றுக்கு என்ன மதிப்பு இருக்கும்? இழைப்புளியை அப்பாவுக்குக் கொண்டுபோகலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வயர் வீலை முதலில் உள்ளே எடுத்து வையுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்தத் துருவிலும் பழைய கறுப்புப் பூச்சிலும்தான் இருக்கிறது. சுத்தம் செய்வதை அடுத்த வாரம்கூடச் செய்யலாம். அழித்துவிட்ட எழுத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இழைப்புளிக்கு வருகிறேன். நீங்கள் படித்த மூன்றும் காப்புரிமை வழங்கப்பட்ட தேதிகள். காலண்டரைப் போட்டுப் பாருங்கள், மூன்றுமே செவ்வாய்க்கிழமை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் செவ்வாய்க்கிழமைகளில்தான் காப்புரிமை வழங்குகிறது. பழைய அமெரிக்கக் கருவிகளைச் சேர்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. தேய்ந்துபோன ஒரு தேதியில் 3ஆ 8ஆ என்று சந்தேகம் வந்தால் எது செவ்வாய் என்று பார்த்தால் போதும், இரண்டில் ஒன்று விழுந்துவிடும்.

ஆனால் காப்புரிமைத் தேதி ஒரு கீழ் எல்லையை மட்டுமே சொல்லும். 1910 ஏப்ரலுக்கு முன்னால் இந்த உடலை வார்த்திருக்க முடியாது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் அதே அச்சில் வார்த்தார்கள் என்பதை வேறு அடையாளங்களைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான ஸ்டான்லி இழைப்புளிகளை ஒப்பிட்டு அவற்றை 'டைப்'களாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்று தேதிகளும் சேர்ந்து இருந்தால் டைப் 11 அல்லது டைப் 12, அதாவது 1910 முதல் 1920களின் நடுப்பகுதி வரை. அதற்குப் பின் வந்தவற்றில் தேதிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் இல்லாமலே போயின. உங்கள் படத்தில் முன்பக்கக் குமிழ் குட்டையாக இருக்கிறது. அலகை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரமும் சிறியது, ஏறக்குறைய ஒரு அங்குலம். 1919 வாக்கில் குமிழை உயரமாக்கினார்கள், சக்கரத்தையும் ஒன்றேகால் அங்குலம் ஆக்கினார்கள். ஆகவே உடல், குமிழ், சக்கரம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன: டைப் 11, 1910 முதல் 1918 வரை.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த டைப் எண்கள் சேகரிப்பாளர்கள் பிற்பாடு வகுத்தவை. ஸ்டான்லி கம்பெனி அப்படி எண் போட்டு எதையும் விற்கவில்லை. தொழிற்சாலையில் பழைய குமிழ் ஒரு கூடை மிச்சம் இருந்தால் அது தீரும்வரை புதிய உடலில் பொருத்தி அனுப்புவார்கள். டைப் அட்டவணையில் வருடங்களுக்கு நடுவே உள்ள கோடுகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மற்ற இரண்டு பாகங்கள். அலகின் மேல் இருந்து அழுத்திப் பிடிக்கிறதே, அந்த லீவர் கேப்பை உற்றுப் பாருங்கள். திருகு நுழையும் ஓட்டை சிறுநீரக வடிவில் வளைந்திருக்கிறது. அந்த வடிவம் 1933இல்தான் வந்தது. முன்பெல்லாம் சாவித்துளை போல நேராக இருக்கும். அலகில் உள்ள எஸ்.டபிள்யூ. என்பது ஸ்டான்லி ஒர்க்ஸ். கனெக்டிகட்டின் நியூ பிரிட்டன் ஊரில் ஸ்டான்லி என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒன்று கீல், தாழ்ப்பாள் செய்தது. மற்றது ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல், அளவுகோலும் ரசமட்டமும் இழைப்புளியும் செய்தது. 1920இல் இரண்டும் இணைந்தன. அந்த இதயம், ஸ்டான்லி ஒர்க்ஸின் தலைவராக நெடுங்காலம் இருந்த வில்லியம் ஹார்ட்டின் நினைவுக்காக. ஆகவே 1920க்கு முன்னால் இந்த முத்திரை கிடையாது. 1930களின் நடுவில் அதை விட்டுவிட்டார்கள்.

உடல் 1910களில் செய்தது, அலகு 1920களிலோ 30களின் தொடக்கத்திலோ வந்தது, லீவர் கேப் 1933க்குப் பிறகு வந்தது. இதைப் படித்ததும் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மூன்று காலத்துப் பாகங்கள் ஒன்றில் இருக்கின்றன என்றால் யாரோ இதைக் கைவிடாமல் வேலை வாங்கியிருக்கிறார் என்று பொருள். அலகு தீரும் பொருள், ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் கொஞ்சம் குறையும். லீவர் கேப்பின் நுனியை ஸ்க்ரூ டிரைவராகப் பயன்படுத்தி உடைத்தவர்கள் அநேகம் பேர். முதல் சொந்தக்காரரோ அவருக்கு அடுத்தவரோ கடைக்குப் போய் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார், அது அப்படியே பொருந்தியிருக்கிறது.

அது பொருந்தியதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். நீங்கள் குடியிருக்கும் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் அதற்குக் காரணம். ஸ்பிரிங்ஃபீல்டில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் கம்பெனியின் துப்பாக்கித் தொழிற்சாலை. ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அரம் போடாமல் பொருந்தவேண்டும் என்று அங்கே பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். அந்த அளவுக் கருவிகளும் இயந்திரங்களும் பயின்ற ஆட்களும் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பரவி, கடிகாரமும் தையல் இயந்திரமும் பூட்டும் இழைப்புளியும் செய்தார்கள். 1910களில் வார்த்த உடலில் 1933க்குப் பின் வந்த லீவர் கேப் உட்காருவது அந்த உழைப்பின் பலன். எல்லாப் பாகமும் ஒரே வருடத்தில் இருக்கவேண்டும் என்று பாகம் பாகமாகத் தேடி மாற்றி 'ஒரிஜினல்' ஆக்கும் வழக்கம் சேகரிப்பாளர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதைச் செய்தால் இந்த இழைப்புளி எப்படி வாழ்ந்தது என்பதற்கான தடயமே போய்விடும்.

அப்பாவிடம் காட்டும்போது அந்தப் பித்தளைச் சக்கரத்தை முதலில் காட்டுங்கள். மரக்கட்டை இழைப்புளியில் ஆப்பு வைத்து அலகை இறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் ஆழம் சரிசெய்ய வேண்டும். அது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே வரும். பாஸ்டனில் இருந்த லெனர்ட் பெய்லி அந்த வேலையை ஒரு சக்கரத்துக்கும் ஒரு நெம்புகோலுக்கும் மாற்றினார். விரலால் திருப்பினால் மயிரிழை அளவுக்கு அலகு இறங்கும். 1869இல் ஸ்டான்லி அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. சில வருடங்களில் அவர் பிரிந்துபோய் 'விக்டர்' என்ற பெயரில் தனியாக இழைப்புளி செய்ய ஆரம்பித்தார், ஸ்டான்லி வழக்குப் போட்டது. அப்படி ஒரு சண்டை நடந்தும், உங்கள் இழைப்புளியின் முன்பக்கம் பாருங்கள், 'பெய்லி' என்றுதான் வார்த்திருக்கும்.

மதிப்பு என்று கேட்டால், நம்பர் 4 மிக அதிகமாக விற்ற அளவு. சில பத்து டாலர்தான் கிடைக்கும். ஐந்தரை அங்குல நீளமே உள்ள நம்பர் 1தான் ஆயிரம் டாலருக்கு மேல் போகும். அதனாலேயே அதில் போலிகளும் அதிகம்.

சரி, ரம்பம். 'வாரன்டட் சுப்பீரியர்' கழுகு வட்டத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அது பொதுவில் கிடைத்த பித்தளை வட்டம். டிஸ்டன் உட்படப் பல கம்பெனிகள் இரண்டாம் தர ரம்பங்களிலும், கடைக்காரர்கள் பெயரில் செய்துகொடுத்த ரம்பங்களிலும் அதைத்தான் போட்டார்கள். டிஸ்டன் தன் முதல்தர ரம்பங்களில் கம்பெனிப் பெயரையே பொறித்தது. ஹென்றி டிஸ்டன் 1833இல் பதினான்கு வயதில் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கு வந்தவர். வந்த சில நாட்களிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். ரம்பம் செய்யுமிடத்தில் வேலை பழகி, 1840இல் சொந்தமாகத் தொடங்கினார். மகன்கள் தொழிலுக்குள் வர வர பித்தளை வட்டத்தில் 'அண்ட் சன்', பிறகு 'அண்ட் சன்ஸ்' என்று பெயர் நீண்டது. டிஸ்டன் ரம்பத்துக்கு வயது சொல்வது அந்த எழுத்துகளைக் கொண்டுதான். 1955இல் குடும்பத்தின் கையைவிட்டு விற்கப்பட்டது.

உங்களுடையது யார் செய்தது என்று தெரிய ஒரே வழி, தகட்டின் நடுவில் அமிலத்தால் பொறித்த எழுத்து. துருவுக்கு அடியில் அது லேசான கறையாக மட்டுமே இருக்கும். வயர் வீல் பட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடும், அதனால்தான் முதலிலேயே பதறினேன். பிளேடைத் தட்டையாகச் சாய்த்துப் பிடித்து மேல்துருவைச் சுரண்டுங்கள். பிறகு மண்ணெண்ணெய் தொட்டு, மிக நைசான உப்புத்தாளை ஒரு தட்டையான மரத்துண்டில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதை அழித்துவிடும். மரத்துண்டு மேட்டை மட்டும் தொடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, நடுநடுவே சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வினிகரில் மட்டும் ஊறப்போடாதீர்கள்.

ஸ்பேனர் போலி இல்லை. பிளாம்ப் என்பது லாஸ் ஏஞ்சல்ஸில் 1907இல் தொடங்கிய வேறு கம்பெனி. நிறுவனர்களில் ஒருவரான கொல்லரின் பெயர் அதுதான். பிலடெல்பியாவில் சுத்தியலும் கோடரியும் செய்த பிளம் கம்பெனி பெயர் ஒற்றுமைக்காக வழக்குக்குப் போக, லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் 1940களின் இறுதியில் 'புரோட்டோ' என்ற பெயருக்கு மாறிவிட்டார்கள். ஆகவே பிளாம்ப் என்று இருந்தாலே அதற்கு முந்தியது. கறுப்பாக இருப்பதைப் பார்த்தால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. குரோமும் நிக்கலும் போர்த்தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால் அந்த வருடங்களில் கருவிகளைக் கறுப்பாக்கியோ காட்மியம் பூசியோ விட்டார்கள். மங்கலான வெள்ளியில் லேசாக மஞ்சள் தட்டிய ஸ்பேனர் எப்போதாவது கிடைத்தால் அது காட்மியமாக இருக்கலாம். அதன் தூள் நஞ்சு, உப்புத்தாளோ வயர் வீலோ வைத்துத் தேய்க்கவே கூடாது.

இழைப்புளியில் பளபளப்பாக வேண்டியவை இரண்டுதான், அடிப்பகுதியும் அலகின் முனையும். உள்ளே இருக்கும் கறுப்புப் பூச்சு உரிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். அலகின் முதுகிலோ பிடியிலோ யாராவது பெயரின் முதலெழுத்துகளைக் குத்தியிருந்தால் அதையும் தொடாதீர்கள். மெஷின் ஆயில் லேசாகத் தடவினால் போதும்.

அப்பாவுக்குத் தாராளமாகக் கொண்டுபோங்கள். செக்-இன் பெட்டியில் போடவேண்டும், அது உங்களுக்கே தெரியும். யோசிக்க வேண்டியது மரத்தைப் பற்றி. அந்தக் காலத்து ஸ்டான்லி குமிழும் பிடியும் பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை, நம்மூர் ஈட்டிக்கு உறவு. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் 1992 முதல் அந்த மரம் மிகக் கண்டிப்பான பட்டியலில் இருக்கிறது. பழைய பொருளாக இருந்தாலும் எல்லை தாண்டும்போது தாள்கள் கேட்கலாம். எளிய வழி, இரண்டையும் கழற்றி உங்களிடமே வைத்துக்கொண்டு இரும்பை மட்டும் கொண்டுபோவது. அப்பாவால் வாகையிலோ பூவரசிலோ வேறு பிடி செய்துகொள்ள முடியும். பிடிகளைத் தாங்கும் கம்பிகளையும் பித்தளை நட்டுகளையும் தொலைத்துவிடாதீர்கள், அவற்றின் புரி இன்று கடைகளில் கிடைக்கும் அளவு இல்லை. கழற்றிய பின்பிடியை ஒரு அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துப்போங்கள். கம்பி போகும் துளை சாய்வாக இருக்கும், அந்தச் சாய்வையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.