டிசம்பர் 25 பைபிளில் இல்லை என்றால் ஏன் அன்று கிறிஸ்துமஸ்?

பெங்களூரு சிவாஜிநகரில் உங்கள் பக்கத்து வீட்டார் பெந்தெகொஸ்தே சபையினர், "பைபிளில் இல்லை" என்று கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை, அது சரியா, பலகாரம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேதி பைபிளில் இல்லை என்பது உண்மை. மேய்ப்பர்கள் இரவில் மந்தையைக் காத்திருந்ததாக லூக்கா எழுதுகிறார்; மாதம் சொல்லவில்லை. டிசம்பர் 25-க்கான பழைய தெளிவான பதிவு ரோமில் 336-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

ரோமர்களின் சூரிய விழாவைத்தான் சபை மாற்றிக்கொண்டது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. பேரரசர் அவுரேலியன் ரோமில் சூரியக் கடவுளுக்குக் கோயில் எழுப்பியது 274-இல். அதற்கும் வெகுகாலம் முன்பே, ஏறத்தாழ 200-இல், இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று ஆதிக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிவிட்டார். இயேசு கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்று பிற்பாடு நம்பினார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25.

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் ஜனவரி 7-இல் கொண்டாடுகிறது. ஆர்மீனியத் திருச்சபைக்கு ஜனவரி 6.

கொண்டாடாத மரபும் புதிதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ப்யூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் பிரிவினர் 1659-இல் கிறிஸ்துமஸைத் தடைசெய்து, மீறினால் ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். 1681-இல்தான் அது நீங்கியது. ஆகவே பக்கத்து வீட்டாரின் பக்தியைச் சந்தேகிக்காதீர்கள். நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனையும் எண்ணாதவனையும் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் ஒருசேர ஏற்கிறார்.

பலகாரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். பண்டிகைப் பலகாரம் வாங்கத் தயங்குவார்கள் என்று தோன்றினால், முதலில் கேட்டுவிடுங்கள்.