அப்பாவோட அலமாரியும் சித்தியோட செந்தூரமும்

கேள்வி: அப்பா தவறி எட்டு மாசம் ஆகுது. அவரோட அலமாரியில வைத்தியம், புராணம், பக்திப் பாட்டு, பழைய இலக்கியம்னு நானூறு புக்காவது இருக்கும். அண்ணன் பழைய பேப்பருக்குப் போடச் சொல்றான், சாமி புக்கைப் போட்டா பாவம்னு அம்மா அழறாங்க. இதுக்கு நடுவுல சித்தி ஒரு பழைய வைத்திய புக்ல சுகருக்கு செந்தூரம் செய்முறை இருக்குன்னு கண்டுபிடிச்சு, அம்மாவுக்கு அதைச் செஞ்சு குடுக்கலாம்ங்கறாங்க. எனக்குப் படிக்க ஆசைதான், எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

பதில்: மொதல்ல சித்தியை நிறுத்தும்மா, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

செந்தூரம்ங்கறது கஷாயம் மாதிரி இல்ல, பெரும்பாலும் அதுல உலோகமோ பாஷாணமோ சேரும். அந்த புக்ல லிங்கம்னு போட்டிருந்தா அது பாதரசம் இருக்கற தாது, தாளகம்னா ஆர்சனிக், வீரம்னா பாதரச உப்புலயே ரொம்பக் கொடிய விஷம். "சுத்தி செய்து" (அதாவது விஷத்தை முறிச்சு சுத்தப்படுத்தி) அப்படின்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருப்பாங்க பாரு, அந்த ரெண்டு வார்த்தைக்குள்ளதான் மொத்த வித்தையும் இருக்கு, அதை குரு பக்கத்துல வருஷக்கணக்கா உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் தெரியும்னு வேணும்னேதான் அப்படி எழுதினாங்க, போதாததுக்கு பரிபாஷைன்னு மறைபொருள் வேற. இன்னொன்னு, அந்தக் காலத்து ஓலையில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதைப் பாத்து ஒருத்தர் எழுதி, அதைப் பாத்து இன்னொருத்தர் எழுதி, கடைசியில அச்சுக்கு வரும்போது ஒரு மூலிகை பேரோ அளவோ மாறிப்போக எவ்வளவு நேரமாகும்? அம்மா சாப்பிடற மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். சித்த வைத்தியம் பாத்தே ஆகணும்னா முறையாப் படிச்ச டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டோட போங்க, இப்போ பாக்கற டாக்டர்கிட்டயும் அதைச் சொல்லிடுங்க.

அதுக்காக அந்த புக்கைத் தூரப் போட்டுடாத. பழைய வைத்திய புக்ல தப்பு இருக்கற கதை நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இல்லம்மா. கேலன்னு ஒரு பெரிய வைத்தியர், 2ஆம் நூற்றாண்டு, குரங்கு மாதிரி மிருகங்களை அறுத்துப் பாத்துட்டு மனுஷ உடம்பும் இப்படித்தான்னு எழுதினார், கீழ்த்தாடையில ரெண்டு எலும்புன்னார், ஆயிரம் வருஷத்துக்கு மேல அதையே வேதவாக்கா படிச்சாங்க. 1543ல வெசாலியஸ்ங்கற டாக்டர் தன் உடற்கூறு புக்கைப் போட்டு, ஒரே எலும்புதான்னு சொன்னப்போ அவர் மேலதான் பாய்ஞ்சாங்க! இப்போ கேலனை யாரும் மருந்துக்காகப் படிக்கறதில்ல, மனுஷன் எப்படியெல்லாம் யோசிச்சான்னு பாக்கப் படிக்கறாங்க. உங்க வைத்திய புக்கையும் அப்படியே படி, அடுப்படிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாத.

அப்புறம் நீ நாலு வகைன்னு பிரிச்சு எழுதியிருக்கியே, அதுங்க அப்படி தனித்தனியா நிக்காது. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி மூணுமே நீதி நூல், ஆனா பேரு மூணும் மருந்துப் பேரு. சுக்கு, மிளகு, திப்பிலின்னு மூணு சேந்தா திரிகடுகம், அதனால அந்த நூல்ல பாட்டுக்கு மூணு கருத்து, சிறுபஞ்சமூலத்துல அஞ்சு, ஏலாதியில ஆறு. ஹோமர் பாடின இலியட்ங்கற கிரேக்கப் போர்க் காவியத்துல மெனலாவுஸ்ங்கற ராஜாவுக்கு அம்பு தைச்சதும் ஓடி வந்து பிடுங்கி மருந்து வைக்கறவன், பின்னாடி கிரேக்கர்கள் வைத்தியத்துக்கே சாமியாக் கும்பிட்ட அஸ்கிலேபியஸோட பையன். நம்ம கம்பராமாயணத்துல மலையில இருக்கற மருந்தை ஜாம்பவான் அனுமன்கிட்ட சொல்ற இடம் இன்னும் அழகு. செத்தவங்களை எழுப்ப ஒண்ணு, துண்டான உடம்பை ஒட்ட ஒண்ணு, உள்ள தைச்ச ஆயுதத்தை எடுக்க ஒண்ணு, பழைய உருவம் திரும்ப ஒண்ணு. மொதல்தை விட்டுட்டுப் பாரு, மீதி மூணும் போர்க்களத்துல நிக்கற எந்த வைத்தியனும் கேக்கறதுதான். உடனே "அப்பவே பிளாஸ்டிக் சர்ஜரி"ன்னு குதிக்கறவங்களும் உண்டு, "எல்லாம் கட்டுக்கதை"ன்னு மூடி வைக்கறவங்களும் உண்டு, எனக்கு ரெண்டு பேர் மேலயும் எரிச்சல்தான் வரும், கதையைக் கதையாப் படிக்க விட மாட்டாங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டியே, திருக்குறள் 95ஆம் அதிகாரம், மருந்து. பத்தே குறள், ஒரு சாயங்காலம் போதும். அதுல ஒரு மருந்து பேர்கூட கிடையாது, முன்னாடி தின்னது செரிச்சப்புறம் தின்னு, பசிச்சாத் தின்னு, இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்வார். கடைசிக் குறள்ல நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து பாத்துக்கறவர்னு நாலு சொல்வார், அந்த நாலாவதைப் படிச்சப்போ அப்பாவோட கடைசி நாள்ல நீ உக்காந்திருந்தது ஞாபகம் வரலாம், வந்தா அன்னிக்கு அதோட புக்கை மூடி வை. அப்புறம் கம்பன், ஆனா முதல் பக்கத்துலேர்ந்து வேண்டாம், ஆற்றுப்படலத்துலயே தூங்கிடுவ, நேரா யுத்த காண்டம் மருத்துமலைப் படலத்துக்குப் போ, உரையோட.

அம்மாகிட்ட ஒண்ணு சொல்லு. பாவம் வந்துடுமேன்னு பயந்து ஆத்துலயும் நெருப்புலயும் விட்ட ஏடுகளைப் பத்தி உ.வே.சா. வயிறெரிஞ்சு எழுதியிருக்கார். 1887ல அவர் சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்ததே வீடு வீடா ஏடு தேடித்தான். அதனால படிக்கறவங்க கைக்குக் குடுக்கறது பாவமே இல்ல, எடைக்குப் போடறதுதான் வேண்டாம். நானூறையும் நீயே வச்சுக்கணும்னும் இல்ல, முப்பது நாப்பது எடுத்துக்கிட்டு மீதியை ஒரு லைப்ரரில கேட்டுப் பாரு.

குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா வெளிய எடுத்து நிழல்ல காய வை, ராமபாணப் பூச்சி இருந்தா பிரஷ்ஷால தட்டு (புக்கைத் தின்ற பூச்சிக்கும் புராணத்துலேர்ந்துதான் பேரு வச்சிருக்காங்க பாரேன்). கிழிஞ்சதுக்கு செல்லோ டேப் ஒட்டிடாத, கொஞ்ச வருஷத்துல மஞ்சளாகி எழுத்தையும் சேத்துக் கெடுத்துடும். நடுவுல அப்பா பென்சில்ல ஏதாவது எழுதியிருந்தாலோ துண்டுச் சீட்டு சொருகி வச்சிருந்தாலோ, உருவி எடுக்கறதுக்கு முன்னாடி அது எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோ.