வீட்டளவில் மேப்பிள் சிரப் காய்ச்சுவதற்கு ஆர்.ஓ. கருவி உதவுமா?

பத்துப் பன்னிரண்டு மரங்களில் சாறு எடுத்துச் சிரப் காய்ச்சும் ஒருவர், குடிநீருக்கான ஆர்.ஓ. கருவியால் சாற்றிலுள்ள நீரைக் குறைத்துக்கொள்ளலாமா, அதனால் சுவை கெடுமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகக் குறைத்துக்கொள்ளலாம், சுவை கெடுவதில்லை. ஒன்டாரியோவில், டொராண்டோவுக்குக் கிழக்கே, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒன்பது சர்க்கரை மேப்பிள் மரங்களை வைத்துக்கொண்டு நான் சில ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். ஆனால் கருவியை வாங்கி மாட்டுவது ஒரு மாலை நேர வேலைதான். அதைச் சாறு வடியும் மார்ச் மாதக் குளிரிலிருந்து காப்பாற்றுவதில்தான் பாடு இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேப்பிள் சாற்றில் சர்க்கரை 2 சதவீத அளவில்தான் இருக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் இனிப்புள்ள பதநீரைக் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இது வெறும் தண்ணீராகவே தோன்றும். 86 என்ற எண்ணைச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால் ஒரு லிட்டர் சிரப்புக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும் என்பது இத்தொழிலில் நெடுநாளாக வழங்கும் விதி. அதன்படி 2 சதவீதச் சாறு 43 லிட்டர் வேண்டும். 4 சதவீதம் என்றால் 21½ லிட்டரும், 8 சதவீதம் என்றால் 11 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் போதும். 2-இலிருந்து 4-க்குப் போகும்போதே காய்ச்ச வேண்டியதில் பாதி போய்விடுகிறது என்பதையும், 4-இலிருந்து 8-க்குப் போவதில் முதல் அளவில் கால் பங்கும், 8-இலிருந்து 16-க்குப் போவதில் அரைக்கால் பங்கும்தான் மிச்சமாகிறது என்பதையும் கவனியுங்கள். என் எரிவாயு அடுப்பும் அகன்ற தட்டும் மணிக்கு ஆறு லிட்டருக்கு மேல் ஆவியாக்குவதில்லை. முன்பு நாற்பது லிட்டர் சாற்றுக்கு ஒரு நாள் முழுவதும் வாசலில் நின்றேன். இப்போது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது.

கருவி நம் ஊர்ச் சமையலறைகளில் இருக்கும் அதே ஆர்.ஓ.தான், பயன்பாடு மட்டும் தலைகீழ். அங்கே மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வைக் கடந்து வரும் சுத்த நீரைக் குடித்துவிட்டு, கழிவுக் குழாயில் வருவதைக் கொட்டுகிறோம். இங்கே அந்தக் கழிவுக் குழாயில் வருவதுதான் சரக்கு. எனவே குடிநீர்க் கருவியில் இருக்கும் கார்பன் ஃபில்டர்களையும் தொட்டியையும் கழற்றிவிட்டு, தூசியைப் பிடிக்கும் ஐந்து மைக்ரான் ஃபில்டர் ஒன்று, அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் பம்ப், மெம்பிரேன், அழுத்தமானி ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கழிவுக் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளைக்குப் பதிலாக, கையால் திருகக்கூடிய நீடில் வால்வைப் பொருத்துங்கள். அதை மெல்ல மூடினால் அழுத்தம் ஏறும், சாறு அடர்த்தியாகும். சர்க்கரையின் சதவீதத்தைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு தூரம் அடர்த்தியாக்கலாம் என்பதை உங்கள் பம்ப்தான் தீர்மானிக்கிறது. சர்க்கரை நீருக்கென்று ஒரு சவ்வூடு அழுத்தம் உண்டு. பம்ப் அதைத் தாண்டித் தள்ளினால்தான் நீர் மெம்பிரேனைக் கடக்கும். 2 சதவீதச் சாற்றுக்கு அது 20 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவு, 8 சதவீதத்துக்கு 80 பிஎஸ்ஐக்கு அருகில். வீட்டுப் பம்ப் 80 முதல் 100 பிஎஸ்ஐ வரை தருவதால், 8 சதவீதத்தை நெருங்கும்போது நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நான் 5 அல்லது 6 சதவீதத்தில் நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் பம்பை வதைப்பதைவிட அடுப்பைப் பற்றவைப்பது மேல் என்பது என் கட்சி.

அடுத்தது குளிர். மெம்பிரேனின் உறையில் அச்சிட்டிருக்கும் அளவு 25 பாகை செல்சியஸுக்கு உரியது. வெப்பநிலை ஒரு பாகை குறைய ஏறத்தாழ 3 சதவீதம் ஓட்டம் குறையும். நாளொன்றுக்கு 150 கேலன், அதாவது மணிக்கு 24 லிட்டர் அளவு சொல்லும் மெம்பிரேன், 3 பாகைச் சாற்றில் எனக்கு மணிக்குப் பத்து லிட்டர் நீரைத்தான் பிரித்துத் தருகிறது. சாற்றைச் சூடாக்கினால் வேகம் கூடும். கூடவே நுண்ணுயிர்களும் பெருகும் என்பதால் அதை நான் செய்வதில்லை.

முதல் ஆண்டில் கருவியைக் கராஜிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே எட்டு பாகைக்கு இறங்கியது. மறுநாள் பம்ப் ஓடியது, அழுத்தமானி வழக்கமான இடத்தில்தான் நின்றது, நீரும் முன்னைவிட வேகமாகவே வந்தது. அந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, கொட்டுவதற்கு வைத்திருந்த வாளியிலிருந்து மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதிலே இனிப்பு இருக்கிறதே" என்றார். ரிஃப்ராக்டோமீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டிய நீரில் 0.8 காட்டியது. உள்ளே உறைந்த நீர் மெம்பிரேனைக் கிழித்திருந்தது; ஏறக்குறைய ஒரு குப்பிச் சிரப்புக்கான சர்க்கரையை வடிகாலில் ஊற்றியிருந்தேன். அன்றிலிருந்து மெம்பிரேன் வீட்டுக்குள், சலவை அறையில்தான் குடியிருக்கிறது. பிரிந்து வரும் நீரையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கிறேன்.

வேலை முடிந்ததும், பிரித்தெடுத்த அந்தச் சுத்த நீரிலேயே இருபது லிட்டர் எடுத்து வைத்து, வால்வை முழுவதும் திறந்து மெம்பிரேனைக் கழுவுங்கள். நகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்த வேண்டாம். அதிலுள்ள குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். அடர்சாறு பச்சைச் சாற்றைவிட விரைவில் கெடும் என்பதால் அன்றே காய்ச்சிவிட வேண்டும்.

சுவையைப் பற்றி: நிறமும் மணமும் அடுப்பில்தான் உண்டாகின்றன என்பதால், காய்ச்சும் நேரம் குறைந்தால் சுவையும் குறையும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புரொக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம் அடர்சாற்றையும் சாதாரணச் சாற்றையும் ஒப்பிட்டுக் காய்ச்சிப் பார்த்ததில், சுவையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. என் சிரப் முன்பைவிடச் சற்று வெளிறியிருக்கிறது. தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் பிள்ளைகள் அதைக் கண்டுகொண்டதில்லை. கடைசிப் பதம் எப்படியும் அடுப்பில்தான்: அன்றைக்கு நீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேல் 4 பாகை.

உங்களிடம் மூன்று நான்கு மரங்களே இருந்தால் கருவி வாங்க வேண்டாம். சாற்று வாளியை இரவில் வெளியே வைத்து, காலையில் மேலே மிதக்கும் பனிக்கட்டியை எடுத்து எறிந்துவிடுங்கள். பனிக்கட்டியில் சர்க்கரை மிகக் குறைவாகவே தங்கும். அடியில் நிற்கும் சாறு செலவில்லாமல் அடர்த்தியாகியிருக்கும்.