ஏடிஎம் மோசடி: கேட்டீர்கள், சொல்கிறேன்

கார்டு செருகும் இடத்தில் ஸ்கிம்மர் (கார்டு விவரத்தைத் திருடும் கருவி) ஒட்டியிருந்தால் எப்படித் தெரியும்?

அந்த வாய்ப்பகுதியை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மெஷினோடு வந்தது அசையாது. மேலே ஒட்டியது லேசாக ஆடும், ஓரத்தில் பசை தெரியும், நிறமும் ஒத்துப்போகாது. ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். துளைக்கு உள்ளேயே செருகும் மெல்லிய கருவிகளும் உண்டு, அவை கண்ணில் படாது.

கார்டு விவரம் மட்டும் கிடைத்தால் திருடனால் மெஷினில் பணம் எடுக்க முடியாது, பின் நம்பரும் வேண்டும். அதற்காகத்தான் திரைக்கு மேலே ஒரு பட்டையிலோ பக்கவாட்டில் ஒரு பெட்டியிலோ ஊசித்துளை அளவில் கேமரா வைக்கிறார்கள். ஒரு கையால் எண்களை அழுத்தும்போது இன்னொரு கையால் கீபேடை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். அறையில் யாருமே இல்லாவிட்டாலும் மூடுங்கள். பொத்தான்கள் வழக்கத்தைவிட உயரமாகவோ மெத்தென்றோ இருந்தால் மேலே போலி கீபேட் இருக்கலாம். அங்கே கையால் மூடியும் பயனில்லை, வேறு மெஷினுக்குப் போய்விடுங்கள்.

என்னுடையது சிப் கார்டு. பிறகு எதற்குப் பயம்?

சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுக் குறியீடு தருகிறது, அதைத் திருடி மறுபடி பயன்படுத்த முடியாது. சிக்கல் பின்பக்கத்துக் காந்தப் பட்டையில்தான். அதில் இருப்பது என்றைக்கும் ஒரே விவரம். அதை நகலெடுத்து, பட்டையை இன்னும் ஏற்கும் இடத்தில் தேய்க்கிறார்கள், அது வெளிநாடாகவும் இருக்கலாம். 2033-க்குள் தன் கார்டுகளில் பட்டையே இருக்காது என்று மாஸ்டர்கார்டு 2021-ல் அறிவித்தது. அதுவரை, வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் நிறுத்திவையுங்கள்.

கார்டு உள்ளே மாட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர் "பின்னை இன்னொரு தடவை போடுங்க, வந்துடும்" என்றார். போட்டேன், வரவில்லை. நாளை வங்கிக்குப் போகலாமா?

நாளை வேண்டாம், இப்போதே பிளாக் செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பின்னைத் திரும்பப் போட்டதால் சிக்கிய கார்டு வெளியே வராது. துளைக்குள் கண்ணி வைத்துவிட்டு, உதவுகிற சாக்கில் பின்னைப் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் நகர்ந்ததும் கண்ணியோடு கார்டை உருவிக்கொள்வார்கள். இனி இப்படி நடந்தால் மெஷினை விட்டு நகராமல் அங்கிருந்தே வங்கியைக் கூப்பிடுங்கள். மெஷினில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அதையும் அவர்களே ஒட்டியிருக்கலாம். வங்கியின் எண்ணை இன்றே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது?

பணம் வரும் வாயில் போலி மூடி இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டு அதற்குப் பின்னால் சிக்கியிருக்கலாம். இதற்கும் அங்கிருந்தே புகார்.

கத்தியைக் காட்டி மிரட்டினால் பின்னைத் தலைகீழாகப் போடலாமாமே? போலீசுக்குத் தகவல் போகுமாமே?

போகாது. இது வெறும் வதந்தி. 1221-ஐத் திருப்பினாலும் 1221-தானே? மற்ற எண்களைத் திருப்பிப் போட்டால் தவறான பின் என்று மெஷின் மறுக்கும், மிரட்டுபவனின் கோபம்தான் ஏறும். பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உயிரோடு வெளியே வந்து புகார் கொடுங்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே நிற்பவர்களிடம் கார்டைக் கொடுத்துத்தான் எடுத்துத் தரச் சொல்கிறார்.

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பணத்தைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டு, அதே நிறத்தில் வேறு கார்டைத் திருப்பித் தருவார்கள். உங்கள் அம்மாவின் கார்டில் கண்ணில் படும்படி ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். மாறினால் உடனே தெரியும். அவருக்கென்று தனிக் கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கு மட்டும் அதில் பணம் போடுங்கள். எடுக்கும்போது வரும் எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கும் வர முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.