பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த மகள் பொது சுகாதாரம் படிக்கலாமா?

வணக்கம் அம்மா. "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. இதய நோயைப் பற்றி ஆராய்ந்து இவள் என்ன செய்யப் போகிறாள்?" என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கித் தேர்வு எழுதினால் நிம்மதியாக இருக்குமே என்ற உங்கள் எண்ணமும் புரிகிறது.

ஒரு பழைய ஆய்வைச் சொல்கிறேன். 1967இல் தொடங்கி லண்டனில் அரசு வேலையில் இருந்த ஆண்கள் சுமார் 18,000 பேரைப் பரிசோதித்து, பிறகு யார் எதனால் இறந்தார்கள் என்று பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். எல்லாருக்கும் நிரந்தர வேலை, இலவச மருத்துவம். இருந்தும், உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் மாரடைப்பில் இறந்தது மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், பிரஷர், கொழுப்பு எல்லாவற்றின் பங்கையும் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளி முழுதாக மறையவில்லை. கழித்துப் பார்க்கும் இந்த வேலைக்குப் புள்ளியியல் தெரிந்தவர்தான் வேண்டும். உங்கள் மகள் மூன்று வருடம் படித்தது வீண் போகாது.

நம் பக்கமும் பார்க்கலாம். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் கனடாவிலிருந்து பல நாடுகளில் நடத்தும் ப்யூர் (PURE) என்ற இதய நோய் ஆய்வில் சென்னையும் ஒரு களம். மாரடைப்போ பக்கவாதமோ வந்து பிழைத்தவர்கள் ஆஸ்பிரின், பிரஷர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை எதையாவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார்கள். 2011இல் முடிவு வந்தது. பணக்கார நாடுகளில் எதுவுமே சாப்பிடாதவர்கள் நூற்றுக்கு 11 பேர். இந்தியா இருந்த ஏழை நாடுகள் வரிசையில் 80 பேர்! ஆஸ்பிரின் எவ்வளவு மலிவான மாத்திரை என்று உங்களுக்கே தெரியும். முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மாத்திரை ஏன் போய்ச் சேரவில்லை, யாருக்குச் சேரவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் மகள் விரும்பும் வேலை.

சரி, படிப்பு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997இலிருந்து எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகிறது. ஆனால் மருத்துவம் சாராத பட்டதாரிகளிடம் சில இடங்களில் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அதனால் முதலில் உயிர்ப்புள்ளியியலில், அதாவது மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியலில், எம்.எஸ்சி. முடிப்பது நல்லது என்பது என் கருத்து. வேலூர் சிஎம்சியில் அந்தப் படிப்பு இருக்கிறது. எதற்கும் இந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டில் தகுதியைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

சம்பள விஷயத்தை மறைக்க மாட்டேன். முதல் சில வருடங்கள் பெரும்பாலும் புராஜெக்ட் வேலைதான், நிதி முடிந்தால் வேலையும் முடியும். வெயிலில் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். வங்கி வேலையின் நிலைத்தன்மை இதில் உடனே கிடைக்காது. வீட்டுக் கடன் இருந்தால் மகளிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர் உங்கள் தெருவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்க வரும்போது, அனுமதி கேட்டு மகளை ஒரு நாள் கூடவே போய்வரச் சொல்லுங்கள். எந்த வீட்டில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது, ஏன் என்று விசாரித்துவிட்டு வரட்டும். மறுநாளும் போக வேண்டும் என்று மகளே கேட்டால், விண்ணப்பம் வாங்கிவிடலாம்.